பழைய மோட்டாரின் நாட்குறிப்பு

மும்பை மாநகரின் செம்பூர்ப் பகுதியைச் சேர்ந்த திலக் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டில் வாங்கிய சிறு மோட்டார் கார் ஒன்று அவர்கள் வாசலில் நிற்கிறது. பொங்கலுக்குத் திருநெல்வேலிக்கு அந்தக் காரிலேயே செல்வது என்று வீட்டில் தீர்மானம் ஆகியிருக்கிறது. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாக 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வயது முதிர்ந்த தாயாரும் குழந்தைகளும் உடன் செல்கிறார்கள். ஆனால் ஒரு மாதமாக வண்டிக்கு ஒரு குறை. நகருக்குள் ஒழுங்காக ஓடுகிறது. மேட்டில் ஏறும்போது மட்டும் திணறுகிறது. ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். மற்றொரு பட்டறையில் பிராணவாயு உணர்கருவி கெட்டுவிட்டது என்று சொல்லி அதனை மாற்றினார்கள். பணம் செலவாயிற்று, திணறல் தீரவில்லை. இத்தகைய நிலையில் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

திலக் நகரை அடுத்த குர்லாவுக்கும் மோட்டார் காருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. பிற்காலத்தில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட் கார்கள் அங்கிருந்தே வெளிவந்தன. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக அவை பல்லாண்டுகள் ஓடின. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டு, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அந்த வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர் என்னும் எளிய சாதனம். அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவர் எஞ்சினின் ஒலியைச் செவியால் கேட்டு, திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, அதனைச் சீர்படுத்திவிடுவார். அந்தச் செவியறிவு அருமையானது. ஆயினும் அதற்குப் பின் வந்த வண்டிகளுக்கு அது மட்டும் போதவில்லை.

காரணம் யாதெனில், அந்தத் திருகாணியின் வேலையைக் கணிப்பொறி ஒன்று மேற்கொண்டுவிட்டது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு ஒன்றைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது, சிறு கார்களிலும் கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்டர்கள் இடம்பெற்றன. இன்று பழைய கார் என்று நாம் சொல்லும் வண்டிகளிற் பெரும்பாலானவை இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவையே.

இந்தக் கணிப்பொறி என்ன செய்கிறது? எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவு, குளிர்நீரின் உஷ்ணம், நிமிஷத்திற்கு எத்தனை சுழற்சி, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிக்கப்பட்டிருக்கிறது என்பனவற்றை உணர்கருவிகள் வாயிலாக அது அறிகிறது. அவற்றைக்கொண்டு ஒவ்வொரு இன்ஜெக்டரும் எத்தனை மில்லிசெகண்டு திறந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. கலப்பற்ற பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதம் தவறாமல் இருக்கிறதா என்று காவல் புரிவது, புகைக்குழாயில் பொருத்தப்பட்ட பிராணவாயு உணர்கருவி. புகையில் பிராணவாயு மிஞ்சினால், அதாவது பெட்ரோல் குறைந்தால், இது 0.1 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் காட்டும்; பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் வரை காட்டும். நன்கு சூடேறிய எஞ்சினில் இந்த எண் ஓயாமல் மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டிருக்கும். அந்த ஊசலாட்டமே ஆரோக்கியத்தின் அறிகுறி.

உணர்கருவி சொல்வதைக் கேட்டுக் கணிப்பொறி தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. எவ்வளவு திருத்தியது என்பதைச் சதவிகிதமாகக் குறித்தும் வைக்கிறது. மெக்கானிக்குகள் இதனை ஃபியூயல் ட்ரிம் என்பார்கள். நாம் எரிபொருள் திருத்தம் எனலாம். அது இரு வகைப்படும். கணத்துக்குக் கணம் மாறுவது உடனடித் திருத்தம். பல நாள் அனுபவத்தால் கணிப்பொறி கற்று நினைவில் வைத்திருப்பது நிலைத்த திருத்தம். இரண்டையும் கூட்டிய தொகை கூட்டல் 10 சதவிகிதத்துக்கும் கழித்தல் 10 சதவிகிதத்துக்கும் இடைப்பட்டிருந்தால் பொதுவாகக் கவலைக்கு இடமில்லை. அதனைத் தாண்டி நிலையாக நின்றால், எங்கோ ஒரு குறையைக் கணிப்பொறி தன் சாமர்த்தியத்தால் மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

திருத்தம் எல்லை மீறும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஒரு குறை எண்ணும் நினைவில் பதியும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பொதுக் குறியீட்டு முறையில் பி 0171 என்ற எண், எரிபொருட் கலவை மெலிந்திருக்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. மெலிந்ததற்குக் காரணம் யாது என்பதை அது சொல்வதில்லை. பிராணவாயு உணர்கருவி செய்தி கொணர்ந்த தூதன் அன்றோ? செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகத் தூதனை மாற்றுவது எவ்வாறு பொருந்தும்? நாம் மேலே கூறிய குடும்பத்தின் பணம் இவ்வாறே வீணாயிற்று.

குறை எண், ஒரு கணத்தில் எடுத்த நிழற்படத்தைப் போன்றது. நமக்கு வேண்டுவது நாட்குறிப்பு. வண்டி ஓடும்போது அதன் கணிப்பொறி அறியும் எண்களை நேர வரிசையில் தொடர்ந்து பதிந்து, பின்னர் அமைதியாக உட்கார்ந்து வாசிப்பதையே தகவற் பதிவு என்கிறோம். மேட்டில் மட்டும் தோன்றும் நோயை, பட்டறையில் நிற்கும் வண்டியிற் காண இயலாது. மேட்டில் எழுதப்பட்ட குறிப்பிலேதான் காண இயலும்.

இதற்கு வேண்டிய கருவிகள் அதிகம் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஓர் இணைப்பி இருக்கும். அதில் பொருத்தும் சிறு கருவி ஒன்றும், எண்களை வாங்கிப் பதியக்கூடிய கைப்பேசி அல்லது மடிக்கணினி ஒன்றும் போதும். ஆனால் பழைய கார்களில் முதலில் ஒரு தடை உண்டு. எல்லாக் கார்களும் ஒரே பொது மொழியிற் பேசவேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல்களிலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லும் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலோ, பாரத் ஸ்டேஜ் 4 விதிகளை ஒட்டி 2010-இல் முதற்படியும் 2013-இல் இரண்டாம் படியுமாக வந்தது. அதற்கு முந்திய இந்தியக் கார்களில் 16 துளை இணைப்பி இருந்தாலும், உள்ளே இருக்கும் கணிப்பொறி தன் கம்பெனியின் தனி மொழியை மட்டுமே பேசக்கூடும். அத்தகைய வண்டிக்கு அந்த மொழி அறிந்த ஸ்கேனர் வேண்டும். பழைய சுசுகி அமைப்புகளில் இன்னும் எளிய முறை ஒன்று இருந்தது. குறித்த இரு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், எச்சரிக்கை விளக்கே கண் சிமிட்டிக் குறை எண்ணைச் சொல்லும். ஒரு முறை சிமிட்டி, சற்று நின்று, இரு முறை சிமிட்டினால் 12. குறை எதுவும் இல்லை என்பது அதன் பொருள்.

கருவி வாங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த 327 என்ற சில்லு, பொது மொழிகள் பலவற்றையும் பேச வல்லது. அதன் மலிவான நகல்கள் கடைத்தெருவெங்கும் கிடைக்கின்றன. அவற்றுட் சில, புதிய கார்களின் மொழியை மட்டும் ஒழுங்காகப் பேசிவிட்டு, பழைய கார்களின் முன் ஊமையாகிவிடுகின்றன. வாங்கும் முன் நம் வண்டியிலேயே பொருத்திப் பார்ப்பது நன்று.

மற்றொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். புதிய கார்களில் தகவல் செகண்டுக்கு 5 லட்சம் துணுக்குகள் என்ற வேகத்திற் செல்கிறது. பழைய கார்களின் ஒற்றைக் கம்பி வழியிலோ 10,400 துணுக்குகளே செல்லும். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே கேட்டு, விடை வரும் வரை காத்திருக்கவும் வேண்டும். இருபது எண்களை ஒருங்கே பதிய முனைந்தால், ஒவ்வொன்றும் சில செகண்டுக்கு ஒரு முறைதான் வந்து சேரும். நடுவில் நேர்ந்த திணறல் பதிவிலிருந்து நழுவிவிடும். ஆதலால் பழைய வண்டியிற் சிலவற்றையே தேர்ந்தெடுக்கவேண்டும். எஞ்சின் சுழற்சி, எஞ்சினின் சுமை, பிராணவாயு உணர்கருவியின் மின்னழுத்தம், இருவகைத் திருத்தங்கள் ஆகிய 5 எண்கள் முதற்பதிவுக்குப் போதும்.

இனிப் பதியும் முறையைக் காண்போம். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பே சாவியைத் திருப்பி, குளிர்நீரின் உஷ்ணத்தையும் உள்ளே செல்லும் காற்றின் உஷ்ணத்தையும் பார்க்கவேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். குளிர்நீரின் உஷ்ணம் கழித்தல் 40 டிகிரி என்று காட்டினால் திகைக்க வேண்டாம். திலக் நகரில் பனி பெய்யவில்லை. உணர்கருவியின் கம்பி அறுந்திருக்கிறது என்பதே பொருள். அறுந்த கம்பியைக் கடுங்குளிர் என்று நம்பும் கணிப்பொறி, பெட்ரோலை வாரி இறைக்கும். சில ரூபாய்க் கம்பிக்காக, மாதந்தோறும் பெட்ரோலுக்கு நூற்றுக்கணக்கில் இழப்பவர்கள் உண்டு.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை நின்ற நிலையிற் பதியவேண்டும். அடுத்து, நிமிஷத்திற்கு 2,500 சுழற்சியில் இரண்டு நிமிஷம். பிறகு சாலைக்குச் செல்லலாம். திலக் நகர்வாசிகளுக்கு அமர் மஹால் சந்திப்பிலிருந்து கிழக்கு விரைவுச் சாலை அருகிலேயே இருக்கிறது. அதிகாலையில் நெரிசல் குறைந்த நேரத்தில் சீரான வேகத்தில் ஓட்டி, மேம்பாலங்களில் ஏறி இறங்கினால் வேண்டிய தகவல் கிடைத்துவிடும். ஓட்டுபவர் கருவியைப் பார்க்கவே கூடாது. உடன் வருபவர் திணறல் நேர்ந்த மணி, நிமிஷம், செகண்டை ஒரு தாளிற் குறித்தால் போதும். எண்களை வீடு திரும்பிய பின் வாசிக்கலாம்.

வாசிக்கும் முறை கடினமானதன்று. குளிர்நீரின் உஷ்ணம் 80 டிகிரியைத் தாண்டி ஏறக்குறைய ஒரு நிலையில் நிற்கவேண்டும். நெடுஞ்சாலைக் காற்றில் அது 60 டிகிரிக்கு இறங்கினால், தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே கிடக்கிறது எனலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் மின்னழுத்தம் 13.5 வோல்ட் முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். இது தாழ்ந்தால் மற்ற எண்களையும் நம்புவதற்கில்லை.

திருத்த எண்களைச் சுமையோடு ஒப்பிட்டு வாசிப்பதிலேதான் நோயின் இருப்பிடம் விளங்கும். உட்செல்லும் காற்றை நேரடியாக அளக்கும் வண்டியில், நின்ற நிலையில் திருத்தம் மிகுந்தும் 2,500 சுழற்சியிற் குறைந்தும் காணப்பட்டால், எங்கோ ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றுக் கசிகிறது. ஆனால் இந்தியச் சிறு கார்கள் பலவற்றிற் காற்று நேரடியாக அளக்கப்படுவதில்லை. உட்குழாயின் அழுத்தத்தைக்கொண்டு கணக்கிடப்படுகிறது. அவற்றில் அதே கசிவு திருத்தத்தை அவ்வளவாக மாற்றாது. நின்ற நிலையிற் சுழற்சி வேகம் கூடுவதாகவே வெளிப்படும். எனவே நம் வண்டி எந்த வகை என்பதை அறிந்த பின்பே முடிவுக்கு வரவேண்டும்.

இப்பொழுது நம் குடும்பத்தின் காருக்குத் திரும்புவோம். அதன் பதிவில் நின்ற நிலையில் திருத்தம் கூட்டல் 3 சதவிகிதம். சமவெளியிற் கூட்டல் 8. மேம்பாலத்தில் ஏறுகையிற் கூட்டல் 22. ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபோது பிராணவாயு உணர்கருவி 0.8 வோல்ட்டுக்கு உயர வேண்டியிருக்க, 0.1 வோல்ட்டுக்குச் சரிந்துவிட்டது. சுமை கூடக்கூடப் பெட்ரோல் பற்றாமற் போகிறது என்று இந்த எண்கள் தெளிவாகச் சொல்கின்றன. உணர்கருவி முன்பே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஆகவே முதலில் ஐயத்துக்கு இடமானவை பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்பு ஆகிய இரண்டும். பிரஷர் கேஜைப் பொருத்தி அழுத்தத்தைச் சோதித்தால் எது என்பது உறுதியாகிவிடும். அடைபட்ட ஃபில்டர் ஒன்றே காரணமாயின், அதன் விலை ஏற்கெனவே வீணான தொகையில் ஒரு சிறு பகுதிதான்.

பணத்தைவிடப் பெரிய விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. மெலிந்த கலவையோடு, சுமை ஏற்றிய வண்டியை மலைப்பாதையில் விரட்டினால், எஞ்சினுக்குள் முறையற்ற வெடிப்பு நேரலாம். பிஸ்டன் உருகவும் கூடும். புனேக்கு முன்னுள்ள கண்டாலாக் கணவாயில், லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுபோவது ஆபத்தான காரியம். பெட்ரோல் பற்றாக்குறையைத் திலக் நகரிலேயே கண்டறிவது, அந்தத் தாயாரையும் குழந்தைகளையும் காப்பதாகும்.

மும்பைவாசிகளுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. 1995-இல் மகாநகர் காஸ் நிறுவனம் தோன்றிய பின், இந்நகரின் டாக்சிகளும் சொந்தக் கார்களும் பெருந்தொகையாக இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பெட்ரோலுக்கென்று பிறந்த காரில் எரிவாயுக் கிட் பொருத்தப்பட்டால், ஒரே வண்டியில் இரு எரிபொருள்கள் ஆகிவிடுகின்றன. இயற்கை எரிவாயு 1 கிலோ எரிய ஏறத்தாழ 17 கிலோ காற்று வேண்டும். கிட்டின் அளவு சரிவர அமைக்கப்படாவிடில், எரிவாயுவில் ஓடும்போது கற்ற தவறான நிலைத்த திருத்தத்தையே கணிப்பொறி பெட்ரோலிலும் பயன்படுத்தக்கூடும். வாயுவில் ஓடுகிறது, பெட்ரோலில் உதறுகிறது என்ற முறையீட்டுக்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின் அதே சாலையில், அதே வேகத்தில், இரு எரிபொருளிலும் தனித்தனியே பதிந்து ஒப்பிடவேண்டும். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ நலிவுற்றிருந்தால், அது முதலில் எரிவாயுவில்தான் தெரியவரும். வாயுக் கலவையைக் கொளுத்த அதிக மின்னழுத்தம் வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

பெட்ரோலும் முன்போல் இல்லை. 2025-ஆம் ஆண்டில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் பிராணவாயு சேர்ந்திருப்பதால் அதற்குக் காற்று குறைவாகவும், எரிபொருள் சற்று அதிகமாகவும் வேண்டும். 10 சதவிகிதக் கலப்பிலிருந்து 20 சதவிகிதக் கலப்புக்கு மாறிய காரில், திருத்தம் 4 சதவிகிதம் அளவுக்கு உயர்வது இயல்பே. இதனை நோய் என்று எண்ணிப் பழுது பார்க்கப் புகுவது வீண். ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் எத்தனால் பாதிக்கிறதா என்பது எந்தப் பதிவிலும் தெரியாது. அதனைக் கண்ணாற் பார்த்தும், பெட்ரோல் நெடி வருகிறதா என்று முகர்ந்தும்தான் அறியவேண்டும்.

இனி, ட்யூனிங் என்னும் மெருகேற்றலைப் பற்றிச் சில சொற்கள். கணிப்பொறியின் நினைவில் வாய்பாடுகள் போன்ற அட்டவணைகள் இருக்கின்றன. இந்தச் சுழற்சிக்கு, இந்தச் சுமைக்கு, இவ்வளவு பெட்ரோல். தீப்பொறி இத்தனை டிகிரி முந்தி என்று அவை கூறும். அவற்றை மாற்றி எழுதி வேகத்தைக் கூட்டலாம் என்று இளைஞர்கள் சிலர் ஆசைப்படுகிறார்கள். நோயுற்ற உடலுக்குத் தேகப்பயிற்சி தகுமா? முதலில் பதிவு எடுத்து, குறைகளை நீக்கி, எண்கள் ஒழுங்குக்கு வந்த பின்பே அந்த எண்ணம் தோன்றவேண்டும். மாற்றம் செய்தாலும் ஒரு முறைக்கு ஒன்றே செய்து, முன்னும் பின்னும் அதே சாலையிற் பதிந்து ஒப்பிடவேண்டும். தீப்பொறியை அளவுக்கு மிஞ்சி முந்தவிட்டால் எஞ்சின் அடிபடும். பெட்ரோலை மிகுத்தால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பாழாகும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையின் பேரில் 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவதையும் புகைச் சோதனையையும் நினைக்குங்கால், வேகத்தைவிடச் சீரான எரிதலே பழைய காருக்கு ஏற்ற இலட்சியம் என்பது விளங்கும். ஒழுங்கான பெட்ரோல் கார் புகைச் சோதனையில் எளிதில் தேறும், சக்தியையும் இழப்பதில்லை.

இத்தனையும் மெக்கானிக்கின் வேலையை நாமே பறித்துக்கொள்வதற்காக அன்று. பதிவின் வரைபடத்தை அவரிடம் எடுத்துச் சென்று, மேட்டில் ஏறும்போது இந்த எண் இவ்வாறு மாறுகிறது, பெட்ரோல் அழுத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லும்போது, அவருக்கும் வேலை இலகுவாகிறது. அவருடைய செவியும் கையும் பழகிய அனுபவத்தோடு இந்த எண்கள் சேரும்போது ஊகம் ஒழிகிறது. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர் பலருக்கு, பழகிய பட்டறை என்று ஒன்று அமைவதே அரிது. நோயைத் தெளிவாக எடுத்துச் சொல்ல மொழியும் சில வேளைகளில் இடம் கொடுப்பதில்லை. மராத்தியோ இந்தியோ சரளமாக வராதவருக்கும், எண்கள் எழுதிய தாள் ஒன்று துணை நிற்கும்.

ஆண்டுக்கு இரு முறை, வண்டி நலமாயிருக்கும்போதே ஒரு பதிவு எடுத்துத் தேதியிட்டு வைப்பது நல்ல பழக்கம். பின்னர்க் குறை தோன்றும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். நம் குடும்பத்தின் காரும் புதிய ஃபில்டரோடு மீண்டும் அதே மேம்பாலத்தில் ஏறிப் பதியப்படட்டும். கூட்டல் 22 என்று நின்ற எண் 5-க்கோ 6-க்கோ இறங்கிய பிறகு, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்படலாம். பொங்கற் பானை பொங்கும் வேளைக்கு அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.